‘தெரியலைங்க’ டாக்டரம்மா

பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்த மூன்றாம் நாளே அவருக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது.

சித்தேரி மலையடிவாரத்திலிருந்து ஒருவர் தீனி எடுக்காத பசுவை ஓட்டிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த டாக்டரம்மா அரை மணி நேரம் பசுவைச் சுற்றிச் சுற்றி வந்து, வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டு, நாக்கை இழுத்துப் பார்த்து, கடைசியில் சொன்னாராம்:

“என்னன்னு தெரியலைங்க. நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்கே வந்து பாக்குறேன்.”

அவருக்கு முன்னால் இருந்த டாக்டர் எந்த மாட்டுக்கும் இரண்டு நிமிடத்தில் ஊசி போட்டு அனுப்பிவிடுவார். பசுக்காரர் நேராக பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போய், “புதுசா வந்துருக்கற டாக்டரம்மாவுக்கு ஒண்ணுந் தெரியாதாங்க. அவங்க வாயாலயே சொல்றாங்க” என்று பரப்பிவிட்டார்.

சொன்னபடி டாக்டரம்மா மறுநாள் காலையில் போனார். கட்டுத்தறிக்கு எதிரில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, பசு தீவனத்தை வாயில் வாங்குவதையும் கீழே போடுவதையும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு எழுந்து, கடைவாய்க்குள் கையைவிட்டு, கன்னத்தின் உட்புறம் புதைந்திருந்த ஒரு விரல் நீள முள்ளை எடுத்தார். அந்தச் செய்தியும் டீக்கடைக்கு வந்தது. ஆனால் முதல் செய்தி அளவுக்கு அது ஓடவில்லை.

எங்கள் தெருவிலேயே வீடு எடுத்திருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் ஒரு டார்ச் லைட்டும் கொஞ்சம் வறுத்த கடலையும் இருக்கும். என் மனைவிதான் முதலில் பழக்கமானாள். அவள் கேட்காத கேள்வி கிடையாது.

“கண்ணாலம் எப்பங்கம்மா?”

“தெரியலைங்கக்கா.”

“சமைக்கவாச்சும் தெரியுமா?”

“ரசம் வச்சுருக்கேன். அது ரசந்தானான்னு தெரியலை. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?”

என் மனைவி கரண்டியில் எடுத்துக் குடித்துப் பார்த்துவிட்டு, புளியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னாள். டாக்டரம்மா அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

எனக்கு மட்டும் அவரைப் பார்த்தால் சங்கடமாக இருக்கும். நான் அப்போது அங்கே வனச்சரக அலுவலகத்தில் கிளார்க். ஸ்டோர் சாவியும் என்னிடம்தான். மேலிருந்து ஒரு கேள்வி வந்தால் கீழே இருப்பவனிடம் பதில் இருக்க வேண்டும். மூங்கில் எத்தனை, கயிறு எத்தனை, ஜீப்புக்கு டயர் எப்போது மாற்றியது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். நினைவில் இல்லாததையும் தயங்காமல் சொல்வேன். பதினோரு வருட வேலையில் “தெரியாது” என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. படித்த ஒருவர், அதுவும் டாக்டர், நாலு பேர் முன்னால் அந்தச் சொல்லை இவ்வளவு சுலபமாகச் சொல்வதைக் கேட்டபோதெல்லாம் எனக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

ஒரு தடவை அது வெட்கத்தைத் தாண்டிப் போனது. பக்கத்து ஊரில் ஒரு வீட்டின் ஒரே எருமை நான்கு நாள் வைத்தியத்துக்குப் பிறகு செத்துவிட்டது. காட்டுக்குள் மேய்ந்த ஆடு விஷயமாக அந்தப் பக்கம் போயிருந்த நானும் அங்கே நின்றிருந்தேன். எருமைக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “எதனாலங்க செத்துச்சு?” என்று கேட்டார்.

“தெரியலைங்க” என்றார் டாக்டரம்மா.

எருமைக்காரர் எழுந்து நின்று கத்தினார். தெரியாதவர் எதற்கு நாலு நாள் ஊசி போட்டார், தெரியாதவருக்கு எதற்குச் சம்பளம் என்று என்னென்னவோ கேட்டார். டாக்டரம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “நீங்க சம்மதிச்சா அறுத்துப் பாக்கலாங்க. அதுக்குப் பொறவு தெரிஞ்சுரும்” என்றார். அந்த நேரத்தில் அப்படிக் கேட்க எப்படித்தான் மனம் வந்ததோ. ஆனால் எருமைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

உச்சி வெயிலில், கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, முழங்கைவரை உள்ளே விட்டு அவர் அறுத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு துண்டுக் கம்பியை எடுத்து வந்தார். வைக்கோல் கட்டோடு வயிற்றுக்குள் போன கம்பி உள்ளேயே நகர்ந்து இதயத்தில் குத்தியிருந்தது.

“இதுதாங்க. எனக்குத் தோணியிருக்கணும். தோணலை” என்றார் எருமைக்காரரிடம். “உங்க மாடு எதுவும் தப்புப் பண்ணலை, நீங்களும் பண்ணலை.”

அந்த ஆள் கம்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் திரும்பி, “டாக்டரம்மாவுக்குக் கை கழுவத் தண்ணி கொண்டாங்க” என்று குரல் கொடுத்தார். அடுத்த மாதம் அந்த ஊருக்குப் போனபோது, வைக்கோலை உதறி உதறிக் கம்பி பொறுக்காத வீடே இல்லை.

இப்போது கரடி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அலுவலகத்துக்கு அதற்கு முந்தைய வருடம் ஒரு மயக்க ஊசித் துப்பாக்கி வந்திருந்தது. வெளிநாட்டுச் சாமான். தோட்டா, வெடிமருந்து எதுவும் கிடையாது. அடியில் ஒரு சின்ன கேஸ் குப்பியைத் திருகிப் பொருத்த வேண்டும். சோடாவில் அடைக்கிற அதே கேஸ். அதை அளந்து விடுவதற்கு ஒரு திருகு. எவ்வளவு அழுத்தம் என்று காட்ட ஒரு சின்ன மீட்டர். தூரத்துக்குத் தகுந்தபடி அழுத்தம் வைத்து விசையை இழுத்தால் மருந்து ஊசி பாயும். பெட்டிக்குள் நீல வெல்வெட்டில் அது படுத்திருந்த அழகைப் பார்த்து, அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். வாரம் தவறாமல் எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டேன். பெட்டியோடு வந்த சின்னப் பாட்டில் எண்ணெய் இரண்டே மாதத்தில் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு ஜீப்புக்கு ஊற்றும் ஆயிலைப் போட்டேன். எண்ணெய் எதுவானால் என்ன என்று நினைத்தேன்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை, மலையடிவாரத் தோட்டக் கிணற்றில் கரடி விழுந்துகிடப்பதாக ஆள் வந்தது. விழுந்து இரண்டு நாள் ஆகிவிட்டிருந்தது. ரேஞ்சர், இரண்டு ஃபாரஸ்ட் கார்டுகள், நான், டாக்டரம்மா எல்லோரும் ஜீப்பில், பின்னால் ஒரு கூண்டு வண்டியையும் கட்டிக்கொண்டு போனோம். வழியில் ரேஞ்சர் திரும்பிப் பார்த்து, “துப்பாக்கி எப்படிய்யா இருக்குது?” என்றார்.

“ஏ ஒன் கண்டிஷன் சார்” என்றேன்.

சொன்னேனே தவிர, எனக்கு ஒரு விஷயம் தெரியும். ஒரு மாதத்துக்கு முன்னால் துடைக்கும்போது, கேஸ் போகும் வழியிலிருந்த ரப்பர் வளையம் உப்பி வெளியே பிதுங்கியிருந்ததைப் பார்த்தேன். விரலால் உள்ளே அழுத்தி, மூடியைத் திருகிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

கிணறு அகலமானது. கரைக்குக் கல் கட்டடம், கீழே பாறை. முப்பதடி ஆழத்தில் இடுப்பளவு தண்ணீர். ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்த பாறைத் திட்டில் கரடி உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் நனைந்து மயிர் கற்றை கற்றையாகத் தொங்கியது. எங்களைப் பார்த்ததும் தலையைத் தூக்கி ஒரு முறை உறுமியது, அவ்வளவுதான். கரையைச் சுற்றி நூறு பேர் இருப்பார்கள். ஒரு ஓரத்தில் யாரோ கற்களைக் குவித்துவைத்திருந்தார்கள்.

தோட்டத்துக்காரர் நேராக ரேஞ்சரிடம் வந்தார். “ரெண்டு நாளா மோட்டார் போடல சார். நாத்து காயுது. சாயங்காலத்துக்குள்ள நீங்க எடுக்கலைன்னா நாங்களே பாத்துக்கறோம்.” அவர் கண் கற்குவியலுக்குப் போய் வந்தது.

டாக்டரம்மா மருந்து ஏற்றி, மீட்டர் பார்த்து, கரையில் குப்புறப் படுத்துக் குறிவைத்து விசையை இழுத்தார். ஊசி கரடியின் முதுகில்தான் பட்டது. ஆனால் மயிரில் சிக்கி, ஒரு கணம் தொங்கி, தண்ணீரில் விழுந்தது. கரடி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திருகைக் கொஞ்சம் ஏற்றிவைத்து இரண்டாவது ஊசி. அதுவும் துள்ளி விழுந்தது. கூட்டத்தில் சிரிப்புக் கேட்டது.

“மருந்து இன்னும் ஒரு ஊசிக்குத்தான் சார் இருக்கு” என்றார் டாக்டரம்மா, எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே.

“முழுசா ஏத்தி வச்சு அடிங்க டாக்டர்.”

“மீட்டர் சரியாத்தான் காட்டுது. ஆனா ஊசியில வேகம் இல்ல. ஏன்னு தெரியலை சார். தெரியாம ஏத்தி, அது திடீர்னு வேகமாப் போச்சுன்னா எலும்பை ஒடச்சுரும்.”

ரேஞ்சர் குரலைத் தாழ்த்தினார். “இத்தனை பேருக்கு முன்னாடி தெரியலைன்னு சொல்லாதீங்க டாக்டர். நமக்குத் தெரியலைன்னு தெரிஞ்சா அவங்க கல்லை எடுத்துருவாங்க.”

டாக்டரம்மா அவரைப் பார்த்தார், பிறகு தோட்டத்துக்காரர் பக்கம் திரும்பினார். “அண்ணே, துப்பாக்கியில என்னமோ கோளாறு. என்னன்னு எனக்கு இன்னும் தெரியலை. கண்டுபிடிக்க ரெண்டு மணி நேரம் வேணும். குலை வெட்டின வாழைமரம் இருந்தா ஒண்ணு குடுங்க.”

“வாழை எதுக்குங்க?”

“சுட்டுப் பாக்கறதுக்கு.”

தோட்டத்துக்காரர் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். “ரெண்டு மணி நேரந்தாங்க” என்று கிணற்றுக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

வாழைத் தோப்பில் டாக்டரம்மா பத்து எட்டு நடந்து அளந்து கோடு கிழித்தார். வெற்று ஊசியில் மருந்துக்குப் பதில் தண்ணீர் நிரப்பிச் சுட்டார். ஊசி வாழைத்தண்டில் பாதிகூட ஏறவில்லை. ஏறிய ஆழத்தைத் தீக்குச்சியில் அடையாளம் வைத்துக்கொண்டார்.

“இனி ஒவ்வொரு தடவையும் ஒண்ணே ஒண்ணுதான் மாத்தணும். ரெண்டை மாத்துனா எது காரணம்னு தெரியாமப் போயிரும்” என்று எங்களிடம் சொன்னார்.

முதலில் ஊசியை மாற்றினார். தீக்குச்சி அளவு மாறவில்லை. அடுத்து கேஸ் குப்பியை மாற்றினார். அதே அளவு. குளிரில் கிடந்தால் கேஸ் சுணங்கும் என்று சொல்லி, இன்னொரு குப்பியைக் கால் மணி நேரம் வெயிலில் வைத்திருந்து போட்டுப் பார்த்தார். ஒரு நூல் அளவு கூடியது, அவ்வளவுதான். பிறகு துப்பாக்கியைக் கார்டு ஒருவரிடம் கொடுத்தார்.

“நீங்க சுடுங்க. என் கையில தப்பு இருக்குதான்னு பாக்கணும்.”

அவர் சுட்டதும் அதேதான்.

ஒவ்வொன்றாக அவர் தள்ளத் தள்ள, எனக்கு வியர்த்துக்கொண்டே வந்தது. எங்கே வந்து நிற்கப்போகிறார் என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும் தெரியும். அப்போதே சொல்லியிருக்கலாம். நான் வாழைத்தண்டிலிருந்து ஊசிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை கார்டு சுட்டபோது டாக்டரம்மா துப்பாக்கியின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார். “சார், நீங்க ஒரு தடவ கேளுங்க. எனக்குக் கேட்டது நெசமான்னு தெரியலை.”

காதை வைத்தேன். ஊசி போய்ச் சேர்ந்த பிறகும் உள்ளே ‘உஸ்’ என்று கேஸ் போய்க்கொண்டிருந்தது. ஒரே மூச்சில் வெளியே பாய வேண்டியது, ஏதோ அடைத்துக்கொண்டு கசிந்து கசிந்து போனது.

“கேக்குதுங்களா?”

“கேக்குதுங்க.”

“உள்ள எதோ வழிய மறைக்குது. இத கடைசியா யாரு சார் திறந்தது?”

ரேஞ்சர் எங்களுக்கு ஐந்தடி தள்ளித்தான் நின்றிருந்தார். நான் வாயைத் திறந்தபோது வேறு ஏதாவது சொல்லிவிடுவேன் என்றுதான் நானே நினைத்தேன்.

“நாந்தாங்கம்மா” என்றேன். “உள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்குதுங்க. அது போன மாசமே உப்பிப் போச்சு. நான் பாத்தேன். அமுக்கி மூடிட்டேன். யாருகிட்டயும் சொல்லல.”

ரேஞ்சர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. டாக்டரம்மா மட்டும், ஒரு மாட்டுக்காரரிடம் கேட்பதுபோல, அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“என்ன எண்ணெய் போட்டீங்க?”

“ஜீப்பு ஆயிலுங்க. அதுல வந்த எண்ணெய் தீந்துபோச்சு.”

“அப்பச் சரி. அந்த ஆயிலுக்கு இந்த ரப்பர் ஊறிப்போகும்” என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. தேடிக்கொண்டிருந்த சாவி கிடைத்தவர் போல இருந்தார். “ஸ்குரூ டிரைவர் இருக்குதா?”

மூடியைத் திறந்தோம். வளையம் மெத்தென்று, பழுத்த நாவல்பழம் போல விரலில் நசுங்கியது. வழியில் பாதியை அது அடைத்திருந்தது. மாற்று வளையம் எங்களிடம் இல்லை. டாக்டரம்மா அங்கே நின்றவர்களிடம் வளையத்தைத் தூக்கிக் காட்டி, “இந்த மாதிரி ரப்பர் எதுல இருக்கும்னு யாருக்காச்சும் தெரியுங்களா?” என்றார்.

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் யோசிக்க ஆரம்பித்தது. ஸ்டவ், சைக்கிள் பம்பு, குழாய் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தோட்டத்துக்காரர் வீட்டுக்குப் போய், பயிருக்கு மருந்தடிக்கும் மிஷினைத் தூக்கிவந்து எங்கள் முன்னால் வைத்தார். “இதுல ஒண்ணு இருக்குதுங்க. புதுசு. போன வாரந்தான் மாத்துனேன்.”

அது கொஞ்சம் தடிமனாக இருந்தது. டாக்டரம்மா அறுவைக் கத்தியால் ஓரத்தைச் சுற்றிச் சீவினார். பொருத்திப் பார்த்தார், எடுத்தார், மறுபடி சீவினார். நான் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்து உள்ளே இருந்த என் எண்ணெயையெல்லாம் துடைத்தெடுத்தேன். மூடித் திருகி, வாழையில் சுட்டபோது ஊசி அதன் வால்பக்கக் குஞ்சம்வரை உள்ளே இறங்கிவிட்டது.

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். “கிளம்புங்க, கிளம்புங்க” என்றார் ரேஞ்சர்.

“ஒரு தடவ சரியாப் போறது போதாது சார்” என்று டாக்டரம்மா திருகைக் கொஞ்சம் இறக்கி, இன்னும் மூன்று முறை சுட்டார். மூன்றும் தீக்குச்சியில் ஒரே இடத்தில் நின்ற பிறகுதான் கடைசி மருந்தை ஏற்றினார்.

கிணற்றுக் கரையில் அவர் மறுபடி குப்புறப் படுத்துக் குறிவைத்தார். ஊசி கரடியின் தொடையில் போய் நின்றது. இந்தத் தடவை அது விருட்டென்று திரும்பிக் கடிக்கப் பார்த்தது, எழுந்து நின்றது, உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் தலை தொங்கியது. தண்ணீருக்குள் சரிந்துவிடப் போகிறது என்று எல்லோரும் பதற, இரண்டு கார்டுகள் கயிற்றில் இறங்கி அதைத் திட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். தோட்டத்துக்காரர் வீட்டுக் கயிற்றுக் கட்டிலை நாலு மூலையிலும் கயிறு கட்டி இறக்கினோம். மேலே இழுக்க ஆள் போதவில்லை என்றபோது, கல் குவித்துவைத்திருந்தவர்களே வந்து கயிற்றைப் பிடித்தார்கள்.

கட்டில் மேலே வந்ததும் டாக்டரம்மா கரடியின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துகொண்டார். ஒரு கையை அதன் நெஞ்சில் வைத்து, மறுகையால் ஈரத்துணியை அதன் கண்மேல் போட்டார். “மூச்சு நல்லா இருக்குது” என்றார். அன்றைக்கு அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னது அது ஒன்றுதான். பிற்பகலில் கரடியைக் கூண்டில் ஏற்றிக்கொண்டுபோய், சித்தேரிக் காட்டுக்குள் கூண்டைத் திறந்துவைத்துவிட்டு, ஜீப்பைத் தள்ளி நிறுத்திப் பார்த்தோம். அது வெளியே வந்து, இரண்டடி நடந்து உட்கார்ந்து, காதைச் சொறிந்துகொண்டது. பிறகு எழுந்து மரங்களுக்குள் போனது. திரும்பி வரும்போது தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ரிப்போர்ட் அடிக்க வேண்டியிருந்தது. ரேஞ்சர், “கருவியில் ஏற்பட்ட எதிர்பாராத கோளாறுன்னு போட்டு முடிய்யா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். நான் டைப்ரைட்டரில் தாளைச் சொருகிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு நடந்ததை அப்படியே அடித்தேன். ஸ்டோர் பொறுப்பாளரான நான் தவறான எண்ணெய் போட்டதால் வளையம் பழுதானது. அதை அறிந்தும் தெரிவிக்கவில்லை. இதனால் இரண்டு ஊசி மருந்து வீணாயிற்று. அடித்து முடித்து ஒரு முறை படித்தேன். மனசு என்னவோ லேசாக இருந்தது.

கையெழுத்துப் போட டாக்டரம்மா மத்தியானம் வந்தார். நின்றபடியே படித்தார். கோட்டுப் பையிலிருந்து கடலையை எடுத்து எனக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“ஒரு எடத்துல தப்பு இருக்குதுங்க சார்.”

“எங்கங்கம்மா?”

“மொதல் ஊசிதான் உங்க கணக்கு. ரெண்டாவது என்னோடது. மொதல் ஊசி துள்ளி விழுந்தப்பவே நான் நிறுத்திப் பாத்திருக்கணும். அவசரப்பட்டு இன்னொண்ண அடிச்சுட்டேன். அத என் பேர்ல எழுதுங்க.”

“அதெல்லாம் எதுக்குங்கம்மா?”

“நடந்தது அதுதானே.”

புதுத் தாளைச் சொருகினேன். அவர் என் மேஜைமேல் சாய்ந்து நின்று, நான் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே கடலை தின்றார். அவர் பெயரில் ஒரு வரி, என் பெயரில் ஒரு வரி. சரியாக இருக்கிறதா என்று மறுபடி படித்துப் பார்த்து, இருவரும் ஒருவருக்குக் கீழ் ஒருவராகக் கையெழுத்துப் போட்டோம். வெளியே யாரோ சைக்கிளில் வந்து சினைமாட்டின் வயிற்றில் கன்று திரும்பிக் கிடக்கிறது என்று கூப்பிட, அவர் கையைத் தட்டிக்கொண்டு கிளம்பினார்.

ரேஞ்சர் சாயங்காலம் அதைப் படித்தார். இரண்டு முறை படித்தார். என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பேனாவைத் திறந்து, இரண்டு கையெழுத்துக்கும் கீழே தன்னுடையதையும் போட்டுக் கொடுத்துவிட்டு, “ரப்பர் வளையம் ஒரு டஜன் வேணும்னு எழுதிக் கேளுய்யா, சரியான எண்ணெயும் சேத்து” என்றார்.